தலைமையும் விவேகமும்

ஒரு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் தனியறையில் அமர்ந்து, முன்னும் பின்னும் ஆராய்ந்து, ஆற அமர யோசித்துத் தீர்மானங்களைச் செய்கிறார் என்னும் எண்ணம் வெளியிலிருந்து பார்ப்போருக்கு இயல்பாகவே உண்டாகிறது. கனடா நாட்டு மக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியரான ஹென்றி மிண்ட்ஸ்பெர்க் என்பார், ஐந்து தலைமை நிர்வாகிகளை ஆளுக்கு ஒரு வார காலம் அருகிலிருந்து கவனித்து, அவர்கள் பேசிய பேச்சு, பிரித்த கடிதம், நடத்திய கூட்டம் ஆகிய ஒவ்வொன்றையும் குறித்துவைத்து 1973ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், அவ்வெண்ணத்தை அடியோடு மாற்றிவிட்டது. அவர்கள் செய்த காரியங்களிற் பாதி, ஒவ்வொன்றும் ஒன்பது நிமிஷத்துக்குள் முடிந்துபோனவை. ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தவை பத்தில் ஒரு பங்கே. ஒரு விஷயத்தில் மனத்தைச் செலுத்துவதற்குள் தொலைபேசி மணி அடிக்கிறது; அதைக் கீழே வைப்பதற்குள் கையெழுத்துக்காகக் கோப்பை ஏந்திக்கொண்டு ஒருவர் வந்து நிற்கிறார். இவ்வாறு துண்டு துண்டாகக் கழியும் நாளில் எடுக்கப்படும் முடிவுகளிற் பெரும்பாலானவை பழக்கத்தின் வழியே பிறப்பவை. ஆதலால், தலைவருடைய விவேகத்தை ஆராயப் புகுவோர் அவருடைய பழக்கங்களை ஒதுக்கிவிட்டு அதை ஆராய இயலாது.

அப்பழக்கங்களையேனும் தலைவர்கள் சரியாக அறிந்திருக்கிறார்களா என்றால், அதுவும் ஐயத்துக்குரியதே. நிர்வாக சாஸ்திரத்தில் பெரும்புகழ் பெற்ற பீட்டர் டிரக்கர் 1967இல் எழுதிய நூலொன்றில், தம் நேரத்தை மூத்த அதிகாரிகளுக்கும், முக்கியமான வாடிக்கையாளர்களுக்கும், ஊர்ப் பொதுக் காரியங்களுக்குமாக மூன்று பங்கிட்டுச் செலவிடுவதாக உறுதியாக நம்பியிருந்த ஒரு கம்பெனித் தலைவரைப் பற்றிச் சொல்கிறார். ஆறு வார காலம் அவருடைய நேரத்தைக் குறித்துப் பார்த்தபோது, அம்மூன்றுக்கும் அவர் ஏறக்குறைய நேரமே ஒதுக்கவில்லை என்பதும், தமக்கு அறிமுகமான வாடிக்கையாளர்களின் சரக்கு புறப்பட்டதா இல்லையா என்று தொழிற்சாலைக்குத் தொலைபேசியில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருப்பதிலேயே அவருடைய பொழுது போயிற்று என்பதும் புலனாயின. அவர் பொய் சொன்னவர் அல்லர்; தாம் செய்யவேண்டியது எதுவோ அதையே செய்துவருவதாக மனப்பூர்வமாக நம்பியவர். தம் நாளையே இத்துணைப் பிழையாக அறிந்திருக்கும் ஒருவர் தம் தீர்மானங்களின் தராதரத்தை மட்டும் பிழையின்றி அறிந்திருப்பார் என்று கொள்வதற்கு இடமில்லை.

விவேகம் பிறவியில் வருவதா, பயிற்சியால் வருவதா என்னும் கேள்வி பழையது. பிறவிப் பேறு என்போர் இன்றும் பலர் உளர். ஆனால் திருக்குறளின் பொருட்பாலில் அதிகாரங்கள் நிற்கும் முறையைச் சற்று நின்று நோக்கினால், அதை அப்பியாசத்தால் அடையத்தக்கதாகவே அந்நூல் கருதுகிறது என்று தோன்றுகிறது. தெரிந்துசெயல்வகை 47ஆம் அதிகாரம். வலியும் காலமும் இடமும் அறிதல் அதன்பின் வருகின்றன. ஆளைத் தெளிதலும் அவரிடம் வேலையை ஒப்படைத்தலும் 51, 52ஆம் அதிகாரங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக, 44ஆவதாகக் குற்றங்கடிதலும், 45ஆவதாகப் பெரியாரைத் துணைக்கோடலும் வைக்கப்பட்டிருக்கின்றன. தன்னிடத்துள்ள குற்றத்தை முதலில் காணவேண்டும்; கண்ணுக்குத் தப்பிய குற்றத்தைக் கடிந்து சொல்ல வல்லவர்களை அடுத்ததாகத் தேடிக்கொள்ளவேண்டும்; அதன் பிறகே காரியத்தில் இறங்கவேண்டும் என்னும் ஒரு கிரமம் இவ்வமைப்பில் இருப்பதாக எனக்குப் படுகிறது. அத்தகைய துணைவரைப் பெறாத அரசன் பகைவர் இல்லாமலே அழிவான் என்பது 45ஆம் அதிகாரத்தின் முக்கியமான கருத்துகளுள் ஒன்று. ஆராயும் திறமையைக் காட்டிலும், ஆராய்ச்சியைத் திருத்தும் ஏற்பாடே முற்பட்டது என்னும் இந்த நோக்கை இக்காலத்து உளவியலார் வேறொரு பாதையில் நடந்து வந்து அடைந்திருக்கிறார்கள்.

அந்தப் பாதை சுவாரஸ்யமானது. டேனியல் கானமன், ஏமஸ் ட்வெர்ஸ்கி என்னும் இருவரும் 1974இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, நிச்சயமற்ற விஷயங்களில் மனித மனம் குறுக்கு வழிகளைக் கையாண்டு, அவற்றால் ஒரே திசையில் மீண்டும் மீண்டும் பிழைபடுவதை எடுத்துக்காட்டிற்று. இதற்கு நேர்மாறாக, கேரி கிளைன் என்பவர் தீயணைப்புப் படையினரின் நடுவே சென்று, அனுபவசாலிகளின் உள்ளுணர்வு எத்துணை நுட்பமானது என்பதைக் காட்டினார். எரியும் வீட்டின் கூடத்தில் நின்று தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஒரு படைத்தலைவர், காரணம் சொல்லத் தெரியாமலே தம் ஆட்களை உடனே வெளியேறச் சொல்லுகிறார். அவர்கள் வெளியேறிய சிறிது நேரத்தில் தளம் உள்வாங்கி விழுகிறது. தீ கீழறையில் இருந்தது. தண்ணீருக்கு அடங்காத வெப்பமும், அவ்வளவு வெப்பத்துக்குப் பொருந்தாத அமைதியும் அவருடைய பழகிய மனத்துக்கு எதுவோ சரியில்லை என்று உணர்த்தியிருந்தன. இவ்வாறு எதிரெதிராக நின்ற கானமனும் கிளைனும் பல ஆண்டு விவாதித்து, 2009இல் இருவரும் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். உள்ளுணர்வு நம்பத்தக்கதாவதற்கு இரண்டு வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு: ஈடுபட்டிருக்கும் துறையில் ஓர் ஒழுங்கு இருத்தல் வேண்டும், தன் கணிப்பு சரியா தவறா என்பதை ஒருவன் அடிக்கடியும் விரைவாகவும் அறிந்து கற்றுக்கொள்ள வாய்ப்பும் இருத்தல் வேண்டும்.

அலுவலகத் தலைவரின் நிலைமையை இந்த அளவுகோலால் அளந்து பார்த்தால், கவலைப்படுவதற்குக் காரணம் உண்டு. தீயணைப்பவருக்குத் தம் கணிப்பின் பலன் சில நிமிஷங்களில் கண்முன் தெரிந்துவிடுகிறது. தலைவர் இன்று ஒருவரை வேலைக்கு எடுத்தால், அது நன்றா தீதா என்பது ஓராண்டு கழித்துத்தான் தெரியும். அப்போதும் நடுவே வந்த நூறு காரணங்களோடு கலந்துதான் தெரியும். அதற்கும் மேலாக, அச்செய்தி அவரிடம் நேரே வருவதில்லை. அவருடைய தயவை நாடுவோர் பலருடைய வாய் வழியே, ஒவ்வொரு படியிலும் சற்று இனிமையாக்கப்பட்டு வருகிறது. பதவி உயர உயர ஒருவருடைய அனுபவம் மிகுகிறது. அனுபவத்தைத் திருத்திக் கொடுக்கும் சமாசாரமோ குறைகிறது. தம் தீர்மானம் என்ன ஆயிற்று என்னும் செய்தி, கெட்ட செய்தியாயினும் உருமாறாமல் காலம் கடவாமல் தம்மை வந்தடையும்படி வழி அமைத்துக்கொள்வதே தலைவர் பழகவேண்டியவற்றுள் தலையானது என்றும், காலையில் எழுதல், நேரந் தவறாமை, சிறந்த நூல்களைப் படித்தல் முதலாகச் சொல்லப்படும் ஏனைய நற்பழக்கங்களின் மதிப்பெல்லாம் இதற்குத் துணையாகும் அளவிலேயே இருக்கிறது என்றும் நான் கருதுகிறேன்.

இதற்கு நம் நாட்டிலேயே நடந்த ஒரு சம்பவத்தை விரிவாக நோக்குதல் தகும். 1979ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி-3 என்னும், ஏறத்தாழ 17 டன் எடையுள்ள ராக்கெட் முதன்முறையாக ஏவப்பட்டது. திட்ட இயக்குநர் ராமேசுவரத்தில் பிறந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம், இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவர் சதீஷ் தவன். ஏவுவதற்குச் சற்று முன்பு, இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் நைட்ரிக் அமிலம் கசிவதாகத் தெரியவந்தது. உடனிருந்த நிபுணர்களைக் கலந்துகொண்டு, கசிவு பொருட்படுத்தத்தக்கதன்று என்று கொண்டு கலாம் ஏவுவதற்கு உத்தரவு கொடுத்தார். முதற்கட்டம் செவ்வனே இயங்கிற்று. இரண்டாம் கட்டம் கட்டுப்பாட்டை இழந்தது. சில நிமிஷங்களில் பல்லாண்டு உழைப்பு வங்காள விரிகுடாவில் வீழ்ந்தது. அன்று பத்திரிகையாளர்களின் முன் தவன் தாமே சென்று நின்று, தோல்விக்குத் தாமே பொறுப்பு என்று கூறியதும், 1980 ஜூலை 18இல் 35 கிலோ எடையுள்ள ரோகிணிச் செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தபோது பத்திரிகையாளர்களிடம் பேசும்படி கலாமை முன்னே அனுப்பியதும், கலாம் பிற்காலத்தில் மேடைதோறும் சொல்லிச் சொல்லி நாடறிந்த செய்திகளாகிவிட்டன.

அவ்வளவாகப் பேசப்படாத பகுதி ஒன்று இடையில் இருக்கிறது. தோல்விக்குப் பின் நடந்த ஆராய்ச்சியில், மாசு படிந்த வால்வு ஒன்று மூடாமல் நின்றுவிட்டதால் அமிலம் வடிந்துபோயிற்று என்று கண்டறிந்தார்கள். இயந்திரத்தின் குற்றம் இன்னதென்று தெளிவாயிற்று. அதனோடு விஷயத்தை முடித்துக்கொண்டிருக்கலாம். ஆனால், கசிவு தெரிந்த நேரத்தில் ஏவுதலை நிறுத்திவைக்காமல் அதை அற்பம் என்று மதிப்பிட்டது தம்முடைய பிழை என்று கலாம் அம்முடிவுகள் வைக்கப்பட்ட சபையில் தாமே எழுந்து கூறியதாகத் தம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் எழுதுகிறார். வால்வின் பழுதையும் மதிப்பீட்டின் பழுதையும் வேறு பிரித்துப் பார்த்த இச்செயலே அந்நிகழ்ச்சியின் உயிர்நிலை என்று எனக்குத் தோன்றுகிறது. வால்வை மாற்றிவிடலாம், அவசரத்தில் அபாயத்தைச் சிறிதாகக் காணும் மனப்போக்கு, பெயரிட்டுச் சொல்லப்படாத வரையில் அடுத்த ஏவுதலிலும் கூடவே வரும். அவ்வாறு எழுந்து சொல்வதற்குரிய தைரியம் தனிமனிதருடையது. ஆயினும் அதைச் சொன்னால் சொன்னவர் அழிந்துபோகமாட்டார் என்னும் நம்பிக்கையை, முதல் நாளே பழியைத் தம் தோளில் ஏற்றுக்கொண்ட தவன் உண்டாக்கி வைத்திருந்தார் என்று கொள்வதில் பிழையில்லை.

இதன் மறுபக்கத்தை அமெரிக்காவில் காணலாம். 1986 ஜனவரி 28இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் மாண்டதற்கு முந்திய இரவு, கடுங்குளிரில் ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்கமாட்டா என்று எச்சரித்த எஞ்சினீயர்களின் ஆட்சேபம் மேலதிகாரிகளால் புறக்கணிக்கப்பட்டது. விசாரணையில் பங்குகொண்ட விஞ்ஞானி ரிச்சர்ட் ஃபைன்மன், விண்கலம் அழிவதற்குரிய வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று எஞ்சினீயர்களும், லட்சத்தில் ஒன்று என்று நிர்வாகிகளும் மதிப்பிட்டிருந்ததைக் கண்டார். ஒரே நிறுவனத்தின் கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் இடையே உண்மை ஆயிரம் மடங்கு சுருங்கிப்போயிற்று.

அத்தனை பெரிய காரியம் எதுவும் நடைபெறாத நம் சாதாரண அலுவலகங்களிலும் இச்சுருக்கம் நாள்தோறும் நிகழ்கிறது. வாராந்தரக் கூட்டம் கூடுகிறது, மேலாளர் முதலில் பேசுகிறார், புதிய ஏற்பாட்டின் நன்மைகளைக் கால் மணி நேரம் எடுத்துரைத்துவிட்டு, "யாருக்காவது வேறு அபிப்பிராயம் உண்டா?" என்று கேட்கிறார். எல்லோரும் குறிப்பேட்டைப் பார்க்கிறார்கள். கடைசி வரிசையில் இருக்கும் இளைஞர், வாடிக்கையாளர்களிடம் அன்றாடம் பேசுகிறவர் ஆதலால் அவ்வேற்பாடு ஒரு மாதம் தாங்காது என்று அறிந்திருந்தும், பக்கத்திலிருக்கும் மூத்தவரின் முகத்தைப் பார்த்து அடங்கிவிடுகிறார். கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும் இடத்தில்தான் உண்மையான கூட்டம் நடக்கிறது; அங்கே மேலாளர் இருப்பதில்லை. அவருடைய கேள்வி நேர்மையானதே. கேட்ட வேளை தவறானது. இராணுவ நீதிமன்றங்களில் பதவியில் இளையவரே முதலில் அபிப்பிராயம் சொல்லவேண்டும் என்னும் நெடுநாள் சம்பிரதாயம் இதை உணர்ந்து ஏற்பட்டதே. தலைவர் கடைசியில் பேசுவது என்னும் ஒரு சிறு பழக்கம், செலவில்லாதது, அனுமதி வேண்டாதது, மறுநாளே தொடங்கத்தக்கது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஆல்ஃபிரட் ஸ்லோன், முக்கியமானதொரு தீர்மானத்தில் எல்லோரும் ஒருமனப்பட்டிருக்கக் கண்டு, மாறுபட்ட கருத்துகள் தோன்றுவதற்கு அவகாசம் கொடுக்க அவ்விஷயத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்ததாக டிரக்கர் எழுதியிருக்கிறார். கிளைன் 2007இல் விளக்கிய முறை இன்னும் எளியது: திட்டம் தொடங்குவதற்கு முன்பே, ஓராண்டு கழிந்து அது படுதோல்வி அடைந்துவிட்டதாகப் பாவித்துக்கொண்டு, அதற்குரிய காரணங்களை ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதித் தருவது. ஆட்சேபித்தால் விசுவாசமற்றவர் என்று கருதப்படுவோமோ என்று அஞ்சும் இடத்தில், ஆட்சேபத்தையே இட்ட பணியாக்கிவிடுவதால் அந்த அச்சம் நீங்குகிறது.

இங்கே ஒரு மயக்கத்தையும் அகற்றவேண்டும். எமி எட்மன்ட்சன் என்னும் ஆராய்ச்சியாளர், மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தபோது, நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள செவிலியர் குழுக்களில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கோ நேர்மாறாக இருந்தது. நல்ல குழுக்கள் பிழைகளை மறைக்காமல் சொல்லின என்பதே விளக்கம் என்று பின்னர் தெளிந்தது. தம் பகுதியிலிருந்து புகாரே வருவதில்லை என்று பெருமைப்படும் தலைவர்கள் இவ்வாராய்ச்சியை ஒருமுறை சிந்தித்துப் பார்த்தல் நலம்.

ஆளைத் தெளிதலில் நேரும் பிழைகள் தனி வகையின. கானமன் இளைஞராக இஸ்ரேலிய இராணுவத்தில் பணிபுரிந்தபோது, புதியவர்களை நேர்முகம் கண்டு மதிப்பிடும் முறையைத் திருத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஆறு குணங்களை வரையறுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய கேள்விகளைக் கேட்டு, ஒன்றுக்கு மதிப்பெண் இட்ட பின்னரே அடுத்ததற்குச் செல்லவேண்டும் என்று விதித்தார். தங்களை இயந்திரங்களாக்குகிறார் என்று நேர்முகம் காண்போர் வெகுண்டார்கள். அவர்களைச் சமாதானப்படுத்துவதற்காக, ஆறும் முடிந்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுமொத்தமாக மனத்திற் படுவதையும் ஒரு மதிப்பெண்ணாக இடலாம் என்றார். புதிய முறை பழையதினும் நன்கு பலித்தது மட்டுமன்றி, இறுதியில் இட்ட உள்ளுணர்வு மதிப்பெண்ணும் ஆறு மதிப்பெண்களின் கூட்டுத்தொகைக்கு இணையாகப் பலித்தது. உள்ளுணர்வை அகற்றவேண்டியதில்லை, முறையான விசாரணை முடியும்வரை அதைக் காத்திருக்கச் செய்தால் போதும். வந்தவர் வாசற்படியில் கால் வைத்ததும் "பையன் தேறுவான்" என்று முடிவு கட்டிவிட்டு, பிறகு கேட்பதெல்லாம் அம்முடிவுக்குச் சாட்சி தேடுவதாய் அமைகிற நேர்முகங்களே நம்மிடையே மிகுதி.

தலைவர் தம் முடிவின் பலனைத் தாமே அறிந்துகொள்ளப் பிறருடைய துணை வேண்டாத வழியும் ஒன்று உண்டு. அது எழுதி வைத்தல். முக்கியமான முடிவு ஒன்றை எடுக்கும்போது, அதனால் இன்னது விளையும் என்று தாம் எதிர்பார்ப்பதை அன்றே எழுதிவைத்து, ஒன்பது அல்லது பன்னிரண்டு மாதம் கழித்து விளைந்ததோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்று டிரக்கர் 1999இல் எழுதிய கட்டுரையில் வற்புறுத்துகிறார். தாமே பல்லாண்டு அவ்வாறு செய்துவந்தார். எழுதி வையாதவர்க்கு நினைவு துரோகம் செய்துவிடும். நடந்ததை அறிந்தபின், அது நடக்கும் என்று முன்பே தெரியும் என்று மனம் சாதிக்கும் என்பதைப் பரூக் ஃபிஷ்ஹாஃப் என்னும் உளவியலார் 1975இல் சோதனைகளால் காட்டியிருக்கிறார். அரசாங்கப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்று, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வேங்கடசாமி, முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களைப் பழக்கிப் பழக்கி அறுவை சிகிச்சைக்கு வசப்படுத்தியவர் என்பதைப் பலரும் அறிவர். அவர் தம்மையே கேள்வி கேட்டுக்கொள்ளும் நாட்குறிப்புகளையும் எழுதிவந்தார். விரல்களுக்குக் கொடுத்த அதே அப்பியாசத்தை மனத்துக்கும் கொடுத்தவர் அவர்; பிற்காலத்தில் உலகெங்கிலுமிருந்து வந்து பார்த்துச் செல்லும் ஒரு ஸ்தாபனம் எழுந்ததற்கு விரல்களின் பயிற்சியைவிட மனத்தின் பயிற்சியே பெரிய காரணம் என்பது என் துணிபு.

பழக்கம் எவ்வளவு காலத்தில் படியும் என்பதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. இருபத்தொரு நாளில் எப்பழக்கமும் படிந்துவிடும் என்று சொல்லித்திரியும் வழக்கம், மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் 1960இல் எழுதிய நூலிலிருந்து கிளைத்தது. அவர் சொன்னதோ, புதிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது அவ்வளவு நாளாகிறது என்பதே. லண்டனில் ஃபிலிப்பா லாலியும் அவருடைய தோழர்களும் 96 பேரை வைத்து ஆராய்ந்ததில், சராசரி 66 நாள் ஆயிற்று. ஆளையும் பழக்கத்தையும் பொறுத்து 18 நாள் முதல் 254 நாள் வரையில் வேறுபட்டது. ஒரு நாள் தவறியதனால் பெரிய கேடு விளையவில்லை என்பதையும் அவர்கள் கண்டது, ஒரு நாள் தவறிற்று என்று அனைத்தையும் கைவிடுவோர்க்கு ஆறுதலாகும். பொதுவாக "இனி நன்கு செவிகொடுத்துக் கேட்பேன்" என்று சங்கற்பம் செய்வதைவிட, "ஒருவர் கோப்போடு உள்ளே வந்தால், கையில் உள்ள தொலைபேசியைக் கவிழ்த்துவைத்துவிட்டு அவர் பேசி முடிக்கும்வரை இடைமறியேன்" என்று இன்ன நேரத்தில் இன்னது என வரையறுத்துக்கொள்வது பலிக்கிறது என்பது உளவியலார் பீட்டர் கோல்விட்சருடைய ஆராய்ச்சியின் சாரம்.

இவ்வாறெல்லாம் தம்மையே ஐயுறும் தலைவர் அதிகாரம் இழப்பார், அவசர நேரத்தில் தயங்கி நிற்பார் என்று ஓர் ஆட்சேபம் எழுவதுண்டு. அறுவை சிகிச்சைக் கூடத்தைக் காட்டிலும் அவசரமான இடம் வேறில்லை. அங்கே, கத்தியை எடுப்பதற்கு முன் அனைவரும் பெயரையும் பொறுப்பையும் சொல்லிக்கொண்டு, நோயாளி இன்னார், சிகிச்சை இன்னது என்று உரக்க உறுதிசெய்துகொள்ளும் சரிபார்ப்புப் பட்டியலைப் புது டில்லி உட்பட எட்டு நகரங்களில் புகுத்திப் பார்த்தபோது, மரணம் நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8ஆகக் குறைந்தது என்று 2009இல் வெளியான ஆய்வு கூறுகிறது. பெயர் சொல்லிக்கொண்ட செவிலி, தேவையானபோது வாய் திறந்து எச்சரிப்பதற்கும் தயங்குவதில்லை; அதனால் எந்த மருத்துவரும் அதிகாரம் குன்றிவிடவில்லை.

ஆட்சேபத்தைவிடக் கடினமான பிரச்சினை, நல்ல பழக்கம் நிலைத்திருத்தல். பம்பாய்க்கு அருகே தாராப்பூர், உம்பர்காவ் பகுதிகளிலுள்ள நெசவாலைகளில் நிக்கலஸ் புளூம் முதலிய பொருளாதார அறிஞர்கள் நடத்திய சோதனை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. வழிகளில் குப்பை கிடந்தது. நூல் மூட்டைகள் பெயர்ச்சீட்டு இல்லாமல் அடுக்கப்பட்டிருந்தன. துணியின் குறைகளைக் குறித்தார்களாயினும் அக்குறிப்பை எவரும் ஆராயவில்லை. ஆலோசகர்கள் வந்து, குறைகளை நாள்தோறும் எழுதிக் கூடிப் பேசுவது முதலிய எளிய பழக்கங்களைப் புகுத்தியதில், முதலாண்டிலேயே உற்பத்தித்திறன் நூற்றுக்கு 17 உயர்ந்தது என்று 2013இல் அவர்கள் எழுதினார்கள். சோதனை தொடங்கி ஒன்பது ஆண்டுக்குப் பின் மீண்டும் சென்று பார்த்தபோது, அங்கே ஏற்றுக்கொண்ட பழக்கங்களில் ஏறக்குறையப் பாதி கைவிடப்பட்டிருந்தது. பழைய மேலாளர் போய்ப் புதியவர் வந்ததும், முதலாளிகளுக்குக் கவனிக்க நேரமில்லாது போனதும் பெரும்பாலோர் சொன்ன காரணங்கள். எஞ்சிய பாதியைக் கொண்டே அவ்வாலைகள் சோதனைக்கு உட்படாத ஆலைகளைவிட மேலான நிலையில் இருந்தன. அயலாருடைய ஆலைகளுக்கு அப்பழக்கங்கள் அவ்வளவாகப் பரவவில்லை. அதே முதலாளிகளுடைய வேறு ஆலைகளிலோ, ஆலோசகர் எவரும் காலடி வைக்காதிருந்தும், அவற்றுட் பல சென்று படிந்திருந்தன.